எழுத்தின் மேல் ஒரு கூரை

பாம்பன் டீக்கடையில்
வந்ததும் வராததுமாய்
"வணக்கம்ணே" என்றேன்.
பால் சட்டியிலிருந்து நிமிர்ந்து
"என்னம்மா, எலெக்சன் வந்துருச்சா?" என்றார்.

ஆறு வருசப் பழக்கம்.
அங்கே போன்ழூர் சொல்லாமல்
ரொட்டி கேட்டால்
கடைக்காரிக்குக் காது கேட்காது.
முதல் வாரம் மூன்று முறை கேட்டேன்,
மூன்று முறையும் சுவரைப் பார்த்தாள்.
வரிசையில் பின்னால் நின்ற பொடியன்
என் சார்பில் ஒரு போன்ழூர் சொல்லி
என்னைக் கரையேற்றினான்.

அந்த நீள ரொட்டியைத் துடுப்புபோல் கக்கத்தில் இடுக்கி
வீடு சேருமுன்னே நுனியைக் கடித்துவிடுகிறார்கள்,
கோட்டு போட்ட கிழவர்கள்கூட.
எதைக் கேட்டாலும் தோளைத் தூக்கி
"பொஃப்" என்கிறார்கள்.
அகராதியில் தேடிப் பார்த்து விட்டுவிட்டேன்.
வலையிலிருந்து எடுத்துப் போட்ட பேத்தை மீன்
காற்றை இறக்கும் சத்தம் அது.
அர்த்தமும் ஏறக்குறைய அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
மதாம் லெ கொஃபின் மீன்தட்டில் எனக்கு வேலை.
கணவாய் கழுவுவேன், கையெல்லாம் மை,
அதற்கு மட்டும் பாஷை தேவைப்படவில்லை.
சில்லறை எண்ணுகையில்தான் மாட்டினேன்.
தொண்ணூற்றேழை
நாலிருபது பதினேழு என்கிறார்கள்.
சிரித்துவிட்டேன்.
எங்கள் ஏலக்காரன்கூட இப்படிச் சுற்றிவளைக்க மாட்டான் மதாம்.
"உங்கள் பாஷையில் எப்படி?"
தொண்ணூறு.
"நூறுக்கு?"
நூறு.
"அப்படியானால் தொண்ணூறுக்குள்
நூறு எதற்கு வந்து உட்கார்ந்திருக்கிறது?"
இறால் குவியலில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.
நாற்பது வயதில்
முதன்முதலாக எனக்கும் அது காதில் விழுந்தது.
பொஃப் என்றேன்.
அன்றுதான் அவள் என்னை 'நீ' என்றாள்.

அவர்களிடமும் நீ உண்டு, நீங்கள் உண்டு.
ஆண்டவரை நீ என்கிறார்கள்,
மாதாவை நீங்கள் என்கிறார்கள்.
நான் தங்கச்சிமடத்துக்காரி.
படகு திரும்ப நேரமானால்
மாதாவிடம் சண்டையே போடுவோம்,
நீங்களாவது ஒன்றாவது.

கோயிலில் எல்லாம் காதால் பிடித்ததுதான்.
ஜெபத்தின் கடைசியில்
ஏழை மீனவர்களுக்காக வேண்டிக்கொள்கிறார்கள் என்றே
இரண்டு வருசம் நினைத்திருந்தேன்.
நகைக்கடைக்காரர், பல் டாக்டர்,
மீனை டப்பாவில் மட்டும் பார்த்த பிள்ளைகள்,
அத்தனை பேரும் முட்டிபோட்டு
எங்களுக்காக.
முந்தானை இல்லாத ஊர்,
கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

மதாம்தான் மீன் சுற்றும் காகிதத்தில் எழுதிக் காட்டினாள்.
பெஷெர், மீனவன்.
பெஷெர், பாவி.
எழுத்தெல்லாம் ஒன்றே.
மீனவனுக்கு மேலே சின்னக் கூரை.
பாவிக்குச் சாய்ந்த ஒரு கீறல்.
வாய்க்குள் வந்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான்
என்று தோளைத் தூக்கினாள்.

இப்போது வந்தது கிளிட்டஸுக்காக.
தம்பி அக்கரைச் சிறையில், நாற்பத்தோராவது நாள்.
படகு அங்கே யாருடைய மணலிலோ.
பேப்பரில் 'எல்லை தாண்டிய' என்று போட்டிருந்ததை
அவன் மகள் எமல்டா
எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தாள்.
எல்லை எங்கே இருக்கு அத்தை,
கயிறு கட்டியிருக்கா?

கேள்வியை மாற்ற
ஒரு பிரெஞ்சு வார்த்தை சொல்லித்தரவா என்றேன்.
வேறெதுவும் வாயில் வரவில்லை.
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
இரண்டையும் எழுதினேன்.
ரொம்ப நேரம் பார்த்திருந்தாள்.
வெளியே வாடைக்காற்றில்
யார் வீட்டுத் தகரமோ அடித்துக்கொண்டது.

"இதுல அப்பா எது?"

பதில் யோசிப்பதற்குள்
பென்சிலைப் பிடுங்கி
பாவியின் கீறலோடு
இன்னொரு கோட்டைச் சாய்த்து முட்டவைத்தாள்.
அதுவும் கூரையாயிற்று,
கொஞ்சம் பெரியது,
மழைக்கு நாலு பேர் ஒதுங்கலாம்.